தீநீரா, எண்ணெயா: கிருமித் தடுப்புக்கு எந்தச் செடியின் எந்த வடிப்பைத் தேர்வது?

செடிகளை நீராவியில் வடிக்கும் கலனான வாலையை, 50 அல்லது 100 லிட்டர் கொள்ளும் எஃகில் ஒன்று வாங்கி வைத்து, கைகழுவும் திரவமும் தரை துடைக்கும் திரவமும் முகத்தில் தெளித்துக்கொள்ளும் வாசனை நீரும் செய்து விற்க முனைகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தச் செடியை வடித்தால் கிருமிகள் நன்றாகச் சாகும் என்பதைத்தான். கேள்வி நியாயமானது என்றாலும் அது பாதிக் கேள்வியே. ஒரே அடுப்பில், ஒரே செடியிலிருந்து, இரண்டு பொருள்கள் இறங்குகின்றன. ஒன்று வாசனை எண்ணெய். மற்றொன்று அந்த எண்ணெயோடு சேர்ந்து குளிர்ந்து இறங்கும் நீர். இந்த நீரைச் சித்த மருத்துவம் தீநீர் என்று அழைக்கிறது. ஹைட்ரோசால் என்ற பெயரில் இன்று சந்தையில் விற்கப்படுவதும் இதுதான். எண்ணெய்க்கு இருக்கும் ஆற்றல் அதன் தீநீருக்கும் இருக்கும் என்று எண்ணிக்கொள்வதே இந்தத் துறையில் நான் அதிகம் காணும் பிழை. சில செடிகளில் அந்த எண்ணம் ஓரளவு பொருந்துகிறது. பலவற்றில் முற்றிலும் பொய்த்துப்போகிறது. எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதை அறிந்துகொள்ளாமல் வாலையில் இலையை நிரப்புவது வீண் செலவு.

நீராவியோடு ஏறிவரும் மூலக்கூறுகள் பெரும்பாலும் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை: 10 கார்பன் அணுக்கள் கொண்ட மோனோடெர்ப்பீன்கள், 15 கார்பன் அணுக்கள் கொண்ட செஸ்குவிடெர்ப்பீன்கள், பென்சீன் வளையம் உடைய ஃபீனைல்புரோப்பனாய்டுகள். ஆனால் கிருமியைத் தடுக்கும் வலிமையைப் பொறுத்தவரை, குடும்பத்தைவிட மூலக்கூறு சுமந்திருக்கும் வேதித் தொகுதியே முதன்மையானது. ஓமத்தின் தைமால், கற்பூரவள்ளியின் கார்வக்ரால், கிராம்பின் யூஜினால் ஆகிய ஃபீனால்கள் பொதுவாக முன்னிலையில் நிற்கின்றன. கறுவாப் பட்டையின் சின்னமால்டிஹைடும் எலுமிச்சைப் புல்லின் சிட்ராலும் போன்ற ஆல்டிஹைடுகள் அவற்றோடு போட்டியிடுகின்றன. ஜெரனியால், லினலூல், டெர்ப்பினென்-4-ஆல் போன்ற ஆல்கஹால்கள் அடுத்த படியில் இருக்கின்றன. ஆரஞ்சுத் தோலின் லிமோனீன், பைன் மரத்தின் பைனீன் ஆகிய வெறும் ஹைட்ரோகார்பன்கள் கடைசியில் வருகின்றன.

ஃபீனால்களின் செயல்முறை ஓரளவு தெளிவாகவே தெரிந்திருக்கிறது. அவை பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வுக்குள் நுழைந்து அதன் அடுக்கைக் குலைக்கின்றன. சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடு சரிகிறது. பொட்டாசியம் வெளியே கசிகிறது. உயிரணுவின் ஆற்றல் இருப்பு வற்றுகிறது. இந்தச் சவ்வுக்கு வெளியே மேலும் ஒரு வெளிச்சவ்வைக் கொண்டிருக்கும் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்கள் பொதுவாகச் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றுள்ளும் சூடோமோனாஸ் ஏருஜினோசா, உள்ளே புகுந்த பொருளை வெளியே தள்ளும் புரதப் பம்புகளையும் வைத்திருப்பதால், மற்றவை மடியும் செறிவிலும் பிழைத்துக்கொள்கிறது. தீநீரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர் மீண்டும் வரும் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கரைவதும் தேவைப்படுவதும்

தீநீருக்கு எவ்வளவு ஆற்றல் இருக்கும் என்பதை இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் கணித்துவிடலாம். முதலாவது, செடியின் முதன்மையான மூலக்கூறு 1 லிட்டர் நீரில் எத்தனை கிராம் கரையும் என்பது. இரண்டாவது, கிருமி வளராமல் நிற்க 1 லிட்டரில் எத்தனை கிராம் வேண்டும் என்பது. ஆய்வகங்களில் இதைக் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு என்பார்கள். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரியதாக இருந்தால் மட்டுமே தீநீரிடம் ஏதாவது எதிர்பார்க்கலாம்.

ஓமத்தை எடுத்துக்கொள்வோம். விதையில் 2 முதல் 4 விழுக்காடு வரை எண்ணெய் இருக்கும்; அந்த எண்ணெயில் ஏறத்தாழப் பாதி தைமால், மீதியில் பெரும்பகுதி காமா-டெர்ப்பினீனும் பாரா-சைமீனும். தைமால் 1 லிட்டர் நீரில் ஏறக்குறைய 1 கிராம் கரையும். எண்ணெய் மேலே மிதந்துகொண்டிருக்கையில் தைமால் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே பங்கிடப்படுவதால், தீநீர் அந்த உச்ச அளவை எட்டுவதில்லை; அதில் பாதியை ஒட்டி நின்றாலே நல்ல வடிப்பு. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 52 தாவர எண்ணெய்களையும் சாறுகளையும் 10 நுண்ணுயிர்கள்மீது ஒரே முறையில் சோதித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், தைமால் நிறைந்த தைம் எண்ணெய் 0.03 விழுக்காட்டிலேயே ஈ.கோலை பாக்டீரியாவையும் கேண்டிடா பூஞ்சையையும் நிறுத்தியது. 0.03 விழுக்காடு என்பது 1 லிட்டருக்கு ஏறத்தாழ 0.3 கிராம். ஆகவே புதிதாக, அடர்த்தியாக இறக்கிய ஓமத் தீநீர் தேவையான அளவின் விளிம்பிலோ அதற்குச் சற்று மேலோ நிற்கிறது. நம் வீடுகளில் ஓம வாட்டர் என்று வயிற்றுக்காகக் கொடுக்கப்பட்டுவந்த இந்த நீர், நான் ஒப்பிட்டுப் பார்த்த தீநீர்களில் வேதியியல் அடிப்படை மிக உறுதியாக உள்ள ஒன்று. ஆனால் அதே நீரை ஒரு வாளித் தண்ணீரில் ஊற்றிப் பத்து மடங்கு நீர்க்கச் செய்த கணமே அது தேவையான அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தரையில் மிஞ்சுவது மணம் மட்டுமே.

நீலகிரித் தைலத்தின் கதை இதற்கு நேர்மாறானது. ஊட்டி, குன்னூர் பகுதிகளில் காய்ச்சப்படும் இந்தத் தைலத்தின் முதன்மைப் பொருளான 1,8-சினியோல் லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் கரையும். தைமாலைவிட மூன்று மடங்குக்கு மேல். தைல மர இலையின் தீநீர் மூக்கைத் துளைக்கும் மணத்தோடு இறங்குவதற்கு இதுவே காரணம். அந்த மணத்தைக் கண்டு அதைக் கிருமிநாசினி என்று நம்புவது இயல்பு. ஆனால் சினியோல் கிருமியைத் தடுப்பதில் வலுவற்றது. பல சோதனைகளில் 1 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ, அதாவது லிட்டருக்கு 10 கிராம் அளவில், தேவைப்படுகிறது. நீரில் கரையக்கூடிய அளவு தேவையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட உறுதியாக எட்டவில்லை. மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கவும், உடல் வலிக்குத் தேய்க்கவும், அறையின் கெட்ட வாடையை மாற்றவும் நீலகிரித் தைலம் சிறந்தது. அதன் தீநீரைக் கிருமித் தடுப்புக்காக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெட்டிவேர் இன்னும் வியப்பானது. மேலே சொன்ன அதே 1999ஆம் ஆண்டு ஆய்வில் எல்லாவற்றிலும் குறைந்த செறிவில் வேலை செய்தது வெட்டிவேர் எண்ணெய்தான்: ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை அது 0.008 விழுக்காட்டிலேயே நிறுத்தியது. மேற்சொன்ன தரவரிசையில் ஃபீனால்களுக்கு அடுத்த இடத்தில் வைத்த ஆல்கஹால்களும் அவற்றோடு சேர்ந்த கீட்டோன்களுமே இந்த எண்ணெயில் நிறைந்திருக்கின்றன. ஆகவே அந்த வரிசையைக் கல்வெட்டாகக் கொள்ளக் கூடாது. ஆனால் வெட்டிவேரின் மூலக்கூறுகள் 15 கார்பன் கொண்ட கனமான செஸ்குவிடெர்ப்பீன்கள். நீரில் அவை மிகச் சிறிதளவே கரைகின்றன, நீராவியோடும் தயங்கித் தயங்கியே ஏறுகின்றன. கடலூர் மாவட்டத்தின் மணற்பாங்கான கரையோர நிலங்களில் வேரை எடுத்து வடிப்பவர்கள் ஒரு முறைக்கு ஒரு பகலும் இரவும் அடுப்பெரிப்பது இதனால்தான். எண்ணெய் இவ்வளவு வலியதாக இருந்தும், அதன் தீநீரில் குளிர்ச்சியான மண்வாசனைதான் தங்குகிறதே தவிர அந்த வலிமை தங்குவதில்லை. ஒரே வேரின் இரண்டு வடிப்புகள் இவ்வளவு தூரம் விலகி நிற்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

பன்னீரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ரோஜாவின் 2-ஃபீனைல் எத்தனால் லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் வரை கரையக்கூடியது. அதனால்தான் ரோஜாவின் மணத்தில் பெரும்பகுதி எண்ணெய்க்குப் போகாமல் பன்னீரிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் பன்னீரில் உண்மையில் இருக்கும் அளவு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம்களை ஒட்டியது. கிருமியைத் தடுக்க அதற்குப் பல மடங்கு வேண்டும். பன்னீரை மணத்துக்காக மட்டுமே வாங்கலாம்.

எண்ணெய் என்று முடிவு செய்தால்

நீர்க்கச் செய்து பயன்படுத்தும் எந்தப் பொருளுக்கும், கிருமித் தடுப்பு வேண்டுமென்றால், எண்ணெய்தான் வழி. இங்கே உண்மையான போட்டி கிராம்பு, கறுவா, எலுமிச்சைப் புல், டீ ட்ரீ (தேயிலை அல்ல, ஓர் ஆஸ்திரேலிய மரம்) ஆகிய நான்குக்கும் இடையில் இருக்கிறது.

கிராம்பு மொட்டில் 15 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய் இருப்பது வேறு எந்த மூலிகையிலும் எளிதில் காணமுடியாத வளம்; அந்த எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் யூஜினால். ஆனாலும் மொட்டை வடிப்பது விலைமதிப்புள்ள சரக்கை நெருப்பில் போடுவதற்கு ஒப்பாகும். உதிர்ந்த இலையிலும் காம்பிலும் அதே யூஜினால் உயர்ந்த அளவில் கிடைக்கிறது. கிருமித் தடுப்புக்கு மொட்டின் நயமான மணம் தேவையில்லை என்பதால், இலை எண்ணெயே போதுமானது. கறுவா மரம் இதைவிடச் சுவையான பாடத்தைத் தருகிறது. அதன் பட்டையில் சின்னமால்டிஹைடு முதன்மை. இலையில் யூஜினால் முதன்மை. வேர்ப்பட்டையில் கற்பூரம் முதன்மை. ஒரே மரத்தின் மூன்று உறுப்புகள் மூன்று வேறு எண்ணெய்களைத் தருகின்றன. இலங்கையிலிருந்து பட்டை எண்ணெயும் இலை எண்ணெயும் தனித்தனிப் பொருள்களாகவே ஏற்றுமதியாகின்றன. 'சின்னமன் எண்ணெய்' என்று மட்டும் அச்சிட்ட புட்டியை வாங்குகிறவர், பட்டையா இலையா என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது; இலை எண்ணெயின் விலை பட்டை எண்ணெயின் விலையில் ஒரு சிறு பங்கே.

பட்டை எண்ணெய் கிருமிக்கு மிக வலியது என்பது உண்மை. ஆயினும் சின்னமால்டிஹைடு தோலில் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களில் முன்வரிசையில் இருப்பது. கிருமியைத் தடுக்கும் செறிவும் தோலைப் புண்படுத்தும் செறிவும் அதில் மிக அருகருகே அமைந்திருக்கின்றன. ஆகையால் கையில் படும் எந்தப் பொருளுக்கும் பட்டை எண்ணெயை நான் தேர்வு செய்ய மாட்டேன். கிராம்பு எண்ணெயைக் கைகளில் தங்கும் பொருள்களில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோகாமல் இருப்பது பாதுகாப்பான வழக்கம். அடுப்பில்லாமல் கட்டி சோப்பு செய்கிறவர்கள் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: யூஜினால் உள்ள எண்ணெயை ஊற்றியவுடன் சோப்புக் கலவை சட்டென்று இறுகி அச்சுக்குள் போக மறுக்கும், பிறகு பழுப்பேறும்.

எலுமிச்சைப் புல், வரும்படியும் விலையும் ஒத்துவரும் தேர்வு. வறண்ட சரிவிலும் வளர்கிறது. ஒரு முறை நட்டால் சில ஆண்டுகளுக்கு அறுத்துக்கொண்டே இருக்கலாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் எண்ணெய் முழுவதும் இறங்கிவிடுகிறது. 100 கிலோ பச்சைப் புல்லுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ எண்ணெய் எதிர்பார்க்கலாம். கேரளத்தின் ஓடக்காலியிலுள்ள ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சுகந்தி போன்ற வகைகள் சிட்ரால் அளவுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. முன்பு சொன்ன 52 எண்ணெய்களில், 2 விழுக்காடு அல்லது அதற்குக் குறைந்த செறிவில் சூடோமோனாஸ் உட்பட 10 நுண்ணுயிர்களையும் நிறுத்தியவை மூன்றே மூன்று. அவற்றில் எலுமிச்சைப் புல் ஒன்று. இதன் குறை, சிட்ரால் நிலையற்றது என்பதுதான். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது சிதைகிறது. காரத் தன்மையுள்ள கட்டி சோப்பில் அதன் பெரும்பகுதி மாதங்களுக்குள் மறைந்துபோகிறது. நடுநிலைக்கு அருகிலோ லேசான அமிலத் தன்மையிலோ உள்ள தரை துடைக்கும் திரவத்துக்கு இது பொருந்தும். கட்டி சோப்பில் இதை மணத்துக்காகச் சேர்க்கலாமே தவிர, கிருமித் தடுப்பை அதன் பேரில் எழுதக் கூடாது.

டீ ட்ரீ எண்ணெய் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்தது. 1920களில் அங்கே ஆர்தர் பென்ஃபோல்டு என்ற வேதியியலாளர் அதைச் சோதித்து, அன்றைய அளவுகோலான கார்பாலிக் அமிலத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஆற்றல் கொண்டது என்று அறிவித்தார். டெர்ப்பினென்-4-ஆல் கணிசமாகவும் சினியோல் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தர அமைப்பு இதற்கு வரையறை வகுத்திருக்கிறது. செறிவு அளவில் தைமாலையும் சிட்ராலையும்விட இது கூடுதலாகத் தேவைப்பட்டாலும், எந்த எண்ணெயையும்விட விரிவாக ஆராயப்பட்டிருப்பதும், சோப்பில் நிலைத்து நிற்பதும் இதன் வலு. பழைய, காற்றுபட்ட டீ ட்ரீ எண்ணெய் தோல் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. ஆகவே சிறு புட்டிகளில், தேவைக்கு மட்டும் வாங்க வேண்டும்.

எண்ணெயைத் தண்ணீரில் வெறுமனே சொட்டுவதால் பயனில்லை, அது மிதக்கும். சோப்போ, எண்ணெயை நீரோடு இணைக்கும் பாலிசார்பேட் போன்ற பொருளோ சேர்த்துத்தான் கலக்க முடியும். அப்படிக் கலக்கும்போது சோப்பின் மூலக்கூறுகள் எண்ணெயைத் தமக்குள் பொதிந்துகொள்வதால், கிருமியைச் சென்றடையும் பங்கு குறைகிறது. 0.5 விழுக்காடு எண்ணெய் சேர்த்த திரவத்தில் 0.5 விழுக்காடும் வேலை செய்யும் என்று கணக்கிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். லிஸ்டரின் வாய்க்கொப்பளிப்பு நீரின் பழைய கலவையை நோக்கினால் இதற்கு ஒரு விடை தெரியும்: 0.064 விழுக்காடு தைமால், 0.092 விழுக்காடு சினியோல், அவற்றோடு மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும், இவை அனைத்தையும் கரைத்துவைக்க 20 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால்.

தடுப்பதும் கொல்வதும்

ஒரு வட்டக் காகிதத்தை எண்ணெயில் நனைத்து, பாக்டீரியா பரப்பிய தட்டில் வைத்து, சுற்றிலும் தெளிந்த வளையத்தை மில்லிமீட்டரில் அளந்து, பெரிய வளையம் சிறந்த எண்ணெய் என்று காட்டும் படங்கள் விற்பனைத் தாள்களில் நிறைய இருக்கின்றன. அவற்றை வைத்து இரண்டு எண்ணெய்களை ஒப்பிட முடியாது. தட்டிலுள்ள ஈரமான அகார் ஊடகத்தில் நன்கு கரைந்து பரவும் எண்ணெய் பெரிய வளையம் தரும். வெட்டிவேர்போல் பரவாத எண்ணெய் எவ்வளவு வலியதாயினும் சிறிய வளையமே தரும். குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை விழுக்காட்டில் சொல்லும் அறிக்கையையே கேட்டு வாங்க வேண்டும்.

அந்த எண்ணும் ஒரு நாள் முழுதும் கிருமி அந்தத் திரவத்தில் ஊறிக்கிடந்தபோது வளராமல் நின்றதைத்தான் சொல்கிறது. மேசையைத் துடைக்கும் திரவத்துக்கு அந்த அவகாசம் இல்லை. கிருமிநாசினிகளுக்கான ஐரோப்பியச் சோதனை முறையான இஎன் 1276, 5 நிமிடத்தில் பாக்டீரியா எண்ணிக்கை ஒரு லட்சத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும் என்று கேட்கிறது. எந்தத் தீநீரும் இதைத் தாண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எண்ணெய்க் கலவையும் சோதித்துத் தேறினால் ஒழிய அப்படிச் சொல்லக் கூடாது. நோயாளி இருக்கும் வீட்டுக்கும் பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் உலக நலவாழ்வு அமைப்பின் 80 விழுக்காடு எத்தனால் கைத்தேய்ப்புத் திரவமும் சலவைத்தூள் விற்பவரிடம் கிடைக்கும் பிளீச்சிங் பவுடருமே சரியான விடை. அங்கே வாசனை எண்ணெயை மாற்றாக வைப்பது ஆபத்து. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கருகே நீலகிரித் தைலத்தையோ மெந்தாலையோ தடவுவது மூச்சைத் திணறவைக்கும் என்பதையும் பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

துளசியைத் தெரிவுகளில் சேர்க்காததற்கு ஒரு காரணம் உண்டு. அதன் எண்ணெயில் யூஜினாலோடு மெத்தில் யூஜினாலும் இருக்கிறது. இரண்டின் விகிதம் செடிக்குச் செடி, ஊருக்கு ஊர் மாறுகிறது. மெத்தில் யூஜினாலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2023இல் உயர்த்தி வைத்தது. துளசி இலையை மெல்வதற்கும் அதன் எண்ணெயைச் செறிவாக்கி நாள்தோறும் தோலில் பூசுவதற்கும் உள்ள இடைவெளி பெரிது. வாயு நிறப்பிரிகைச் சோதனை செய்து அளவைத் தெரிந்துகொள்ள வசதி இல்லாதவர்கள் துளசி எண்ணெயைத் தவிர்ப்பதே நல்லது.

தீநீரை விற்க முடிவு செய்கிறவர் கவலைப்பட வேண்டியது, அது கிருமியைக் கொல்லுமா என்பதைவிட, அதற்குள் கிருமி வளருமா என்பதைப் பற்றியே. வாலையிலிருந்து இறங்கும்போது அது சுத்தமானது. குளிர்விக்கும் குழாயின் வாயிலும், பிடித்துவைக்கும் பாத்திரத்திலும், ஈரம் உலராத புட்டியிலும் நுழையும் சூடோமோனாஸ் போன்ற நீர்வாழ் பாக்டீரியாக்கள் பன்னீரையும் வெட்டிவேர் நீரையும் உணவாக்கிக்கொண்டு பெருகுகின்றன. நீர் தெளிவாகவே இருக்கும். மணமும் மாறாமல் இருக்கலாம். அதைக் கண்ணிலோ புண்ணிலோ தெளித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். கொதிநீரில் அலசி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஒவ்வொரு வடிப்பிலும் ஒரு புட்டியை மூன்று மாதம் கழித்து மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கைச் சோதனைக்கு அனுப்புவது குறைந்தபட்சக் கடமை. கடைக்குப் போகும் புட்டியில் தகுந்த பாதுகாப்புப் பொருளைச் சேர்த்து, அதை வெளிப்படையாக அச்சிட வேண்டும். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் இவற்றைத் தயாரித்து விற்க முடியாது. 'கிருமிகளை அழிக்கும்' என்ற ஒரு வரியை உறையில் சேர்த்தால் கேட்கப்படும் சான்றுகள் இன்னும் கூடும்.

இத்தனைக்குப் பிறகும் என்னிடம் ஒரே ஒரு செடியைக் கேட்பவர்களுக்கு நான் ஓமத்தையே சொல்கிறேன், அதுவும் ஒரு தனிக் காரணத்துக்காக. ஓம எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் தைமால் வெண்மையான படிகமாகப் பிரிந்து நிற்கும். சந்தையில் ஓம உப்பு என்று பெயர் பெற்றது அதுவே. 50 பாகை செல்சியஸை ஒட்டி உருகும் அந்தப் படிகத்தை வடிகட்டி எடுத்து, தராசில் நிறுத்து, எத்தனாலில் கரைத்து, திரவத்தின் ஒவ்வொரு லிட்டருக்கும் இத்தனை கிராம் என்று சேர்க்கலாம். பருவத்துக்குப் பருவம் எண்ணெயின் கலவை மாறினாலும், நிறுத்துப் போட்ட தைமாலின் அளவு மாறாது. சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் புட்டியும் வாடிக்கையாளர் வாங்கும் புட்டியும் ஒன்றாக இருக்கும்.